விண்ணுக்குப் போய்த் திரும்பிய ஓர் உறை

என்னிடம் இருக்கும் விண்வெளிப் பொருள்களிலேயே முதலில் வாங்கியதும், விலை குறைந்ததும், இன்றைக்கும் அதிகம் எடுத்துப் பார்ப்பதும் ஒரு தபால் உறைதான். 1983 ஆகஸ்ட் 30 அன்று விடியுமுன் இருட்டில் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து கிளம்பிய சாலஞ்சர் விண்ணோடத்தில் ஏறி, ஆறு நாள் பூமியைச் சுற்றிவிட்டு, செப்டம்பர் 5 அன்று கலிபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் இறங்கிய உறை அது. அந்தப் பயணத்துக்கு எஸ்.டி.எஸ்.-8 என்று பெயர். அதே விண்ணோடத்தின் சரக்கு அறையில்தான் நம்முடைய இன்சாட்-1பி செயற்கைக்கோளும் இருந்தது. முந்தைய ஆண்டு ஏவப்பட்ட இன்சாட்-1ஏ பாதியில் செயலிழந்துபோன பிறகு, இந்தியா முழுதும் நம்பியிருந்த கோள் இது. புறப்பட்ட மறுநாள் சாலஞ்சர் அதை விண்ணில் இறக்கிவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் சிற்றூர்களின் கூரைகளிலெல்லாம் தொலைக்காட்சி ஆன்டெனாக்கள் முளைத்ததற்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் பக்கத்து வீட்டுக் கூடத்தில் நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்ததற்கும் அந்தக் கோளும் ஒரு காரணம். கோள் திரும்பி வரவில்லை, உறை வந்தது. விண்ணுக்குப் போய்வந்த பொருள்களைச் சேகரிக்கத் தொடங்க விரும்புகிறவர் எதில் தொடங்குவது என்று கேட்டால், என்னுடைய அனுபவத்தில் இந்த உறையைத்தான் காட்டுவேன்.

காரணம் வெறும் பாசம் மட்டும் அன்று. இந்தச் சேகரிப்பில் வேறு எதிலும் இல்லாத ஒரு விசித்திரம் உண்டு. பழைய நாணயமென்றால் அதன் உலோகத்தைச் சோதிக்கலாம். செப்புத் திருமேனி என்றால் வார்ப்பையும் தேய்மானத்தையும் பார்க்கலாம். விண்வெளிப் பயணமோ பெரும்பாலான பொருள்களில் எந்தத் தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. விண்கலத்துக்குள் மூட்டை கட்டி வைக்கப்பட்டிருந்த ஒரு கொடியும், அதே கடையில் அதே நாளில் வாங்கப்பட்டு அலமாரியிலேயே கிடந்த இன்னொரு கொடியும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று நூறு டாலர் பெறும், மற்றது ஒரு டாலர் பெறாது. ஆகவே நாம் விலை கொடுத்து வாங்குவது துணியையோ காகிதத்தையோ மட்டும் அல்ல. அது போய்வந்தது என்று சொல்லும் ஆவணங்களையும் சேர்த்துத்தான். யார் எடுத்துச் சென்றார், திரும்பிய பின் யாரிடம் கொடுத்தார், அவரிடமிருந்து யாருக்குப் போனது என்ற கைமாறிய வரலாறு முழுமையாக இருந்தால் பொருளுக்கு மதிப்பு. நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் மிஞ்சுவது துணிதான். பொருளைப் பார்க்கக் கற்பதற்கு முன் தாளைப் படிக்கக் கற்க வேண்டியிருப்பது இதனால்தான்.

அந்த வகையில் எஸ்.டி.எஸ்.-8 உறை ஒரு நல்ல அரிச்சுவடி. நாசாவின் 25ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்க அஞ்சல் துறையும் நாசாவும் சேர்ந்து ஏற்பாடு செய்தவை இவை. 9.35 டாலர் மதிப்புள்ள எக்ஸ்பிரஸ் மெயில் தபால்தலை ஒட்டிய சுமார் 2,60,000 உறைகள் சரக்கு அறையின் உருளைக் கலன்களிலும் சேமிப்புப் பெட்டிகளிலுமாக அடைக்கப்பட்டுப் பறந்தன. திரும்பியதும் ஒவ்வொன்றும் 15.35 டாலருக்கு விற்கப்பட்டது. இரண்டு அரசு அமைப்புகளே விற்றவை என்பதாலும், ஒவ்வொன்றிலும் வரிசை எண் இருப்பதாலும், போலி செய்வோருக்கு இதில் லாபம் இல்லை என்பதாலும், உறையின் உண்மைத்தன்மை பற்றி இராத்தூக்கம் கெட வேண்டியதில்லை. அத்தனை எண்ணிக்கை இருப்பதால் இன்றும் சில பத்து டாலர்களுக்குள் கிடைக்கிறது. இவ்வளவு மலிவான பொருளைச் சேகரிப்பென்று சொல்லலாமா என்று மூத்த சேகரிப்பாளர்கள் சிலர் மூக்கைச் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த உறைதான் என்னை இன்சாட்-1பியின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. அவர்களுடைய வெள்ளிப் பதக்கங்கள் அவர்களை என்ன படிக்க வைத்தன என்று கேட்கத் தோன்றும், கேட்டதில்லை.

இந்த அரசாங்க உறைகளுக்குப் பின்னால் அரசாங்கம் கையைச் சுட்டுக்கொண்ட ஒரு கதையும் இருக்கிறது. 1971இல் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ 15 குழுவினரான டேவிட் ஸ்காட், ஜேம்ஸ் இர்வின், ஆல்ஃபிரெட் வார்டன் ஆகிய மூவரும், அனுமதி பெற்ற உறைகளோடு, அனுமதி பெறாத 398 உறைகளையும் எடுத்துச் சென்றிருந்தார்கள். அவற்றில் 100 உறைகள் ஹெர்மன் சீகர் என்ற மேற்கு ஜெர்மானியத் தபால்தலை வணிகரிடம் போய்ச் சேர்ந்தன. அவர் ஒவ்வொன்றையும் சுமார் 1,500 டாலருக்கு விற்றார். செய்தி வெளியே வந்ததும் 1972இல் மூவரும் கண்டனத்துக்கு ஆளானார்கள். பேசிய பணத்தை அவர்கள் ஏற்க மறுத்துத் திருப்பிவிட்டிருந்தும், மீதி உறைகளை நாசா பிடித்து வைத்துக்கொண்டது. மூவரில் எவரும் அதன்பின் விண்வெளிக்குச் செல்லவே இல்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து அதே நாசா அஞ்சல் துறையோடு கூட்டுச் சேர்ந்து இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உறைகளை விற்பனைக்கென்றே பறக்கவிடத் திட்டமிட்டபோது, வார்டன் வழக்குத் தொடுத்தார். 1983இலேயே சமரசம் ஏற்பட்டு, பிடித்து வைத்த உறைகள் திரும்பக் கிடைத்தன. என் உறையைத் திருப்பிப் பார்க்கும்போதெல்லாம், அந்த மூவருக்கு நியாயம் கிடைக்க இதுவும் ஒரு சிறு சாட்சியாக நின்றது என்று எனக்குத் தோன்றும்.

என் இரண்டாவது கொள்முதல் தப்பாகப் போனது. அப்பல்லோ காலத்து உறை ஒன்று. அழகான சித்திரம், கென்னடி விண்வெளி மையத்தின் அஞ்சல் முத்திரை, ராக்கெட் ஏவப்பட்ட அதே நாளின் தேதி. இதைவிட என்ன சான்று வேண்டும் என்று நினைத்து, எஸ்.டி.எஸ்.-8 உறைக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்கு கொடுத்து வாங்கினேன். விற்றவர் பொய் சொல்லவில்லை. அந்த உறை விண்ணுக்குச் சென்றது என்று அவர் எந்த இடத்திலும் எழுதவில்லை. அப்படி எண்ணிக்கொண்டது என் அவசரம். ஏவும் நாளில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் தங்கள் உறைகளை அந்த அஞ்சல் நிலையத்துக்கு அனுப்பி முத்திரை வாங்கிக்கொள்வது வழக்கம். அவை தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாதவை. என்னைப் போன்றவர்களைத் தடுமாற வைக்கும் இன்னொரு வகை, அப்பல்லோ வீரர்களின் ‘காப்பீட்டு உறைகள்’. பயணத்துக்கு முன் குழுவினர் கையெழுத்திட்டு, தாங்கள் திரும்பாமல் போனால் குடும்பம் விற்றுப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று பூமியிலேயே விட்டுச் சென்ற உறைகள் அவை. அவற்றின் கனம் வேறு வகை. நெஞ்சைப் பிசையும் பொருள்கள்தாம். இருந்தாலும் அவை பறந்தவை அல்ல. பறக்காமல் இருந்ததில்தான் அவற்றின் முழுப் பொருளும் இருக்கிறது.

இந்தத் தவறுக்குப் பிறகு விற்பனைக் குறிப்புகளை வக்கீல் படிப்பதுபோல் படிக்கப் பழகினேன். ‘பயணத்தோடு தொடர்புடையது’ என்றால் பறக்கவில்லை என்று பொருள். ‘அந்தக் காலத்தது’ என்றாலும் அதே. ‘பறந்தது’ என்று இருந்தால் எதில், எந்த ஆண்டில், யாருடைய பொறுப்பில் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்க வேண்டும். விண்வெளி வீரர்கள் தங்கள் சொந்தப் பொருள்களைச் சிறு பையில் எடுத்துச் செல்ல நாசா அனுமதிக்கும். என்ன எடுத்துச் செல்கிறார்கள் என்று முன்கூட்டியே பட்டியலும் கொடுக்க வேண்டும். அந்தப் பையிலிருந்து வந்த பொருளோடு, ‘இது என்னுடன் வந்தது’ என்று வீரர் தம் கைப்பட எழுதிய கடிதம் இருந்தால் அதற்கு மேல் ஒரு சான்று தேட வேண்டியதில்லை. விற்பவரே பளபளப்பான தாளில் பொன்னிற ஓரம் போட்டு அச்சடித்துத் தரும் சான்றிதழோ, சர்க்கரை ஆலை தன் சர்க்கரை இனிக்கும் என்று தரும் உறுதிமொழி போன்றது. ஹெரிட்டேஜ், ஆர்.ஆர். போன்ற ஏல நிறுவனங்களின் பழைய ஏலப் பட்டியல்களை இணையத்தில் யாரும் படிக்கலாம். எதையும் வாங்காமல் ஆறு மாதம் அவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தத் துறையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான். எந்தப் பொருள் அடிக்கடி வருகிறது, எது அரிது, நல்ல கைமாறிய வரலாறு எப்படி எழுதப்பட்டிருக்கும் என்பதெல்லாம் அப்படிப் படித்தால்தான் பிடிபடும். ஏலத்தில் தட்டப்படும் விலைக்கு மேல் கால்பங்கு அளவுக்கு வாங்குபவர் கட்டணம் ஏறும். அதன்மேல் கப்பல் கூலி, சுங்கத் தீர்வை, டாலரின் அன்றைய மனநிலை. இவற்றைக் கூட்டிப் பார்த்த பிறகே கையைத் தூக்குவது நல்லது.

விலையின் படிக்கட்டை எளிதாகச் சொல்லிவிடலாம். பூமியைச் சுற்றி வந்த பொருளைவிட நிலவைச் சுற்றி வந்ததற்கு விலை அதிகம். நிலவைச் சுற்றியதைவிட நிலவின் தரையில் இறங்கியதற்கு இன்னும் அதிகம். இறங்கிய கலத்திலிருந்து வெளியே எடுத்து நிலவுத் தூசி படிந்ததென்றால் அது நம் பேச்சுக்கு அப்பாற்பட்டது. அமெரிக்க வெள்ளிப் பதக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். மாசசூசெட்ஸ் மாநிலத்து ராபின்ஸ் நிறுவனம் அப்பல்லோ 7 தொடங்கி ஒவ்வொரு குழுவுக்காகவும் வரிசை எண்ணோடு அடித்துக் கொடுத்தவை. ஒரு பயணத்துக்குச் சில நூறுதான். அவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அப்பல்லோ 13இன் பதக்கம். ஏவுவதற்குச் சில நாள் முன்பு, ஜெர்மன் தட்டம்மை (ரூபெல்லா) தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தில் கென் மேட்டிங்லி விலக்கப்பட்டு ஜாக் ஸ்விகெர்ட் சேர்க்கப்பட்டார். பிறகு வழியில் ஆக்சிஜன் கலன் வெடித்து, நிலவில் இறங்குவதே நடக்காமல் போனது. பறந்து திரும்பிய பதக்கங்களில் பெயரும் பொருந்தவில்லை, தேதியும் பொருந்தவில்லை என்பதால், அவற்றை உருக்கி அதே வெள்ளியில் மறுபடியும் அடித்தார்கள். இப்போது அந்தப் பதக்கம் பறந்ததா, பறக்கவில்லையா? வெள்ளி போய்வந்தது, வடிவம் போகவில்லை. சேகரிப்பாளர்கள் அதைப் பறந்தது என்றே ஏற்கிறார்கள். நானும் ஏற்கிறேன், சற்றே நெருடலோடு.

அப்பல்லோ 13இலிருந்தே வந்த இன்னொரு பொருள் சட்டத்தையே மாற்றியது. கலம் பழுதான வேளையில் ஜிம் லவெல் தம் கைப்படக் கணக்குப் போட்ட சரிபார்ப்புக் குறிப்பேடு 2011இல் ஏலத்தில் 3,88,375 டாலருக்குப் போனது. அதை விற்கும் உரிமை அவருக்கு உண்டா என்று நாசா கேள்வி எழுப்ப, விற்பனை முடங்கியது. நாற்பது ஆண்டுகளாக வீட்டு அலமாரியில் இருந்த நினைவுப்பொருள் தமக்குச் சொந்தமா என்று நிலவுக்குப் போய்வந்த முதியவர்கள் ஐயப்படும்படி ஆனது. 2012 செப்டம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், மெர்குரி, ஜெமினி, அப்பல்லோ கால வீரர்கள் வைத்திருக்கும் அத்தகைய பொருள்களுக்கு அவர்களே முழு உரிமையாளர்கள் என்று உறுதி செய்தது. அதற்குப் பிறகு வாங்குகிறவருக்கு ஒரு பெரிய கவலை தீர்ந்தது. ஆனால் அந்தச் சட்டம் நிலவுக் கற்களைத் தொடவில்லை. அப்பல்லோ கொண்டுவந்த கல்லும் தூசியும் அமெரிக்க அரசின் உடைமை. யாராவது அதை விற்க வந்தால் பேசாமல் விலகிவிட வேண்டும்.

விதிவிலக்குகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு தனிக் கதை. சோவியத் ஒன்றியத்தின் லூனா 16 கலம் 1970இல் கொண்டுவந்த மண்ணில் மூன்று சின்னஞ்சிறு துகள்கள், மறைந்த ராக்கெட் வடிவமைப்பாளர் செர்கேய் கொரொலியோவின் மனைவிக்குப் பரிசாக வழங்கப்பட்டிருந்தன. 1993 டிசம்பரில் நியூயார்க்கில் சாத்பீஸ் நடத்திய ரஷ்ய விண்வெளி ஏலத்தில் அவை 4,42,500 டாலருக்கு விற்றன. 2018இல் மறுபடி ஏலத்துக்கு வந்து 8,55,000 டாலருக்குப் போயின. அதே 1993 ஏலத்தில் ரிச்சர்ட் கேரியட் என்ற கணினி விளையாட்டு வடிவமைப்பாளர், நிலவின் மேல் நின்றுபோன லூனகோத் 2 ஊர்தியை 68,500 டாலருக்கு வாங்கினார். பொருள் இன்னும் நிலவிலேயே இருக்கிறது. அவரிடம் பத்திரம் இருக்கிறது. கைக்கு எட்டாத நிலத்துக்குப் பட்டா வாங்கி வைப்பது நமக்கொன்றும் புதிதில்லை என்றாலும், இது கொஞ்சம் தூரம்தான்.

எல்லாக் கதைகளிலும் என் மனத்துக்கு நெருக்கமானது ஒரு வெள்ளைப் பையின் கதை. 2015இல், பறிமுதல் பொருள்களை விற்கும் அமெரிக்க மார்ஷல்கள் துறைக்காக நடந்த ஓர் இணைய ஏலத்தில், இல்லினாய் மாநிலத்துப் பெண் வழக்கறிஞர் ஒருவர் 995 டாலருக்கு ஒரு பையை வாங்கினார். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள நாசாவுக்கே அனுப்பிச் சோதிக்கச் சொன்னார். சோதித்தவர்கள் அதில் இருந்த தூசி நிலவின் தூசி என்றும், முதன்முதலாக நிலவில் அள்ளிய மண்ணை ஆம்ஸ்ட்ராங் வைத்த அப்பல்லோ 11 பை அதுதான் என்றும் கண்டறிந்தார்கள். கண்டறிந்ததும் திருப்பித் தர மறுத்தார்கள். பட்டியல் எண்களில் நேர்ந்த குழப்பத்தால் அரசே அதை அடையாளம் தெரியாமல் ஏலம் விட்டிருந்தது. நீதிமன்றம் அவர் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவர் என்று தீர்ப்பளித்தது. 2017 ஜூலை 20, நிலவில் இறங்கிய நாளின் 48ஆம் ஆண்டு நிறைவன்று, அந்தப் பை 18 லட்சம் டாலருக்கு விற்றது. இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் ‘அதிர்ஷ்டக்காரி’ என்பார்கள். எனக்குத் தெரிவது வேறு. ஒரு பழைய ஏலப் பட்டியலின் ஒற்றை வரியில் எல்லாரும் கடந்துபோன ஒரு பெயரை அவர் நின்று படித்திருக்கிறார்.

இத்தகைய பொருள்கள் நமக்கு எட்டாதவை என்பதால்தான் துணுக்குச் சந்தை உண்டானது. அப்பல்லோ 11இன் கொலம்பியா கலத்தைப் போர்த்தியிருந்த காப்டன் என்ற வெப்பந்தாங்கும் நெகிழியாலான பொன்னிறப் படலம், கலம் கடலில் இறங்கியபின் மீட்புக் குழுவினரால் உரித்தெடுக்கப்பட்டது. அதை நகக்கண் அளவுக்கு வெட்டி, அட்டையில் ஒட்டி விற்கிறார்கள். என்னிடமும் ஒன்று இருக்கிறது. யார் உரித்தார், யாரிடம் கொடுத்தார் என்ற கடித நகல்களோடு வந்தது. உரிந்து விழுந்த படலத்தை வெட்டுவதில் எனக்கு வருத்தம் இல்லை. முழுதாக இருந்த கொடிகளையும் குறிப்பேட்டுத் தாள்களையும் நூறாக நறுக்கி விற்பதை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீளும்போதெல்லாம், கத்தரிக்கோலுக்கு நானும் கூலி கொடுக்கிறேனே என்ற நினைப்பு வந்து கையை இழுக்கிறது.

இந்தியாவிலிருந்து சேகரிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறை. நம் ராக்கெட்டுகள் அனுப்பியவை பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. 2007 ஜனவரியில் பி.எஸ்.எல்.வி.-சி7இல் சென்று பன்னிரண்டு நாளில் வங்கக் கடலில் இறங்கிய எஸ்.ஆர்.இ.-1 கலம் அபூர்வமான விதிவிலக்கு. அது அரசின் உடைமை, அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மாவைப் பூமிக்குக் கொண்டுவந்த சோயூஸ் டி-10 இறங்கு கலம் தில்லியின் நேரு கோளரங்கத்தில் இருக்கிறது. வெப்பத்தில் கருகிய அதன் மேற்பரப்பைப் பார்த்தபோதுதான், பயணத்தின் தடயம் பொருளிலேயே எழுதப்பட்டிருக்கும் அரிய வகையை நான் நேரில் கண்டேன். கரை ஒதுங்கும் ராக்கெட் துண்டுகளைப் பற்றியும் சிலர் ஆவலோடு கேட்கிறார்கள். 2023இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம் என்று அடையாளம் காணப்பட்டது. கண்டெடுத்தவர் எவரும் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கைப்படி, எங்கே விழுந்தாலும் அது ஏவிய நாட்டின் சொத்து. இங்கே ராக்கெட் ஏவும்போதெல்லாம் வெளியாகும் சிறப்பு உறைகள் தரையில் முத்திரை பெற்றவைதாம். அவற்றை விரும்பிச் சேர்க்கலாம். நானும் சேர்க்கிறேன், வேறு கோப்பில்.

வாங்குவதைவிடக் காப்பாற்றுவது சிரமம் என்பதைச் சென்னையின் கடற்காற்று சீக்கிரமே கற்றுக்கொடுத்துவிடும். முதல் மழைக்காலம் முடிந்தபோது என் உறையின் ஓரத்தில் இளம் பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருந்தன. மலிவான பி.வி.சி. உறைகளை அன்றே தூக்கி எறிந்துவிட்டு, பாலியெஸ்டர் உறைகளும் அமிலமற்ற அட்டைகளும் வாங்கினேன். வெயில் படாத அலமாரி, நீல நிறம் மாறியதும் சூடேற்றிக் காயவைத்து மறுபடி போடும் சிலிக்கா ஜெல் பைகள், ஒட்டுநாடா அறவே கிடையாது. நல்ல மனத்தோடு ஒரு நண்பர், ‘லேமினேட் பண்ணிடுங்க சார், நூறு வருஷம் இருக்கும்’ என்று சொல்லி உறையைக் கையில் எடுத்தபோது, அடங்காத பதற்றத்தோடு அதைப் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது மீர் விண்வெளி நிலையத்தில் முத்திரையிடப்பட்ட ஓர் உறை. அங்கே சொந்த அஞ்சல் முத்திரை இருந்தது. ரஷ்ய வீரர்கள் அதை விண்ணிலேயே குத்தி அனுப்பினார்கள். முத்திரை அச்சு பிற்பாடு தரையிலும் குத்தப்பட்டதா என்பதைத் தீர்மானிக்க மையின் நிறத்தையும் குழுவினரின் கையெழுத்துகளையும் தேதியையும் ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்று உறைகள் கைக்கு வந்தன. மூன்றிலும் ஏதோ ஒரு தேதி, கையெழுத்திட்டவர் நிலையத்தில் இருந்த நாளோடு பொருந்தவில்லை. நான்காவதின் ஒளிப்படம் நேற்று வந்திருக்கிறது. குழுவினரின் பயண நாள்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.